இரண்டாம் வகுப்பில் குச்சி, பாட்டு, கதை என்றே போகிறது, நோட்டில் ஒன்றும் இல்லை. பள்ளியை மாற்றலாமா?

கடலூர் முதுநகரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பையன் அரசு தொடக்கப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு. மூன்று மாதமாகியும் கணக்கு நோட்டில் நாலு பக்கம்தான் எழுதியிருக்கிறான், என்ன படித்தாய் என்று கேட்டால் குச்சி கட்டினோம், பாட்டுப் பாடினோம் என்கிறான், மெட்ரிக் பள்ளிக்கு மாற்றிவிடலாமா என்பது கேள்வி.

என் பதில்: நோட்டு காலியாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மாற்றாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நோட்டைப் பார்த்துத்தான் உங்களுக்கு இந்தப் பயம் வந்திருக்கும். பக்கம் பக்கமாக ஒன்று முதல் நூறு வரை, ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் டிக். அப்படிப்பட்ட நோட்டுகளை உருவாக்கியவள் நான், அதனால்தான் எழுதுகிறேன்.

2006-இல் இடைநிலை ஆசிரியராக வேலையில் சேர்ந்தேன். முதல் வருடம் தினமும் 1 முதல் 100 வரை எழுதச் சொல்வேன். பிள்ளைகளும் மடமடவென்று எழுதிவிடுவார்கள். ஒருநாள் பின்னால் போய் நின்று பார்த்தேன். ஒரு பையன் மேலிருந்து கீழாக 3, 3, 3 என்று வரிசையாக எழுதி முடித்துவிட்டு, அப்புறம் பக்கத்தில் 1, 2, 3 என்று ஒன்பது வரை இறக்கிக்கொண்டு வந்தான். 31 முதல் 39 வரை ரெடி. நடுவில் ஒன்றைத் தொட்டு, இது என்ன எண் என்று கேட்டேன். "மூணு, ஏழு" என்றான். அவன் நோட்டில் அதுவரை நான் போட்ட டிக்குகள் இன்றும் எனக்கு உறுத்துகின்றன.

2007-08-இல் செயல்வழிக் கற்றல் எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் வந்தது. அட்டைகள், எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படி, கீழ்மட்டக் கரும்பலகை, பாயில் வட்டமாக உட்காருவது. அப்புறம் 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டம் வந்தது. இப்போது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறோம். எட்டு வயதுக்குள் பிள்ளை பிழையில்லாமல் வாசிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பதுதான் நோக்கம். இதெல்லாம் எல்லாப் பள்ளியிலும் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. அரசுப் பள்ளிக்கு வக்காலத்து வாங்க வந்துவிட்டாள் என்று யாராவது எழுதுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: என் மகள் ஐந்தாம் வகுப்பு வரை நான் வேலை பார்த்த பள்ளியில்தான் படித்தாள்.

இப்போது இருப்பது துறைமுகத்துக்குத் தெற்கே ஒரு மீனவ கிராமத்துப் பள்ளி. சில வருடங்களுக்கு முன் இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. முப்பத்து நான்கு எழுது என்றால் 304 என்று எழுதும். சோம்பலோ கவனக்குறைவோ இல்லை. முப்பது என்றால் 30, நான்கு என்றால் 4, இரண்டையும் சேர்த்து எழுதினால் 304. அதன் காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறது. அதைத் தப்பு என்று அடித்துவிட்டு, சரியானதைப் பத்து முறை எழுதச் சொன்னால் 34 மட்டும் சரியாகும், 57 மறுபடி 507 ஆகும்.

தமிழில் எண்களின் பெயரும் பிள்ளைகளை இடறவிடும். இருபது, முப்பது, நாற்பது என்று சொல்லிக்கொண்டே போகிறோம். அதே ஓசையில் முடிகிற ஒன்பது மட்டும் ஒற்றை இலக்கம். எண்பத்தொன்பது முடிந்ததும் தொண்ணூறு. அந்தப் பெயருக்குள் நூறு கேட்கிறது, ஆனால் நூறுக்கு இன்னும் பத்து பாக்கி. தொண்ணூற்றொன்று என்று சொல்லி எழுதச் சொன்னால் 101 எழுதுகிற பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். அவர்கள் காதில் அது நூற்றொன்று என்றுதான் விழுகிறது.

அதனால் குச்சிதான். ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு நறுக்கி, பத்துப் பத்தாகக் கட்டுவோம். முப்பத்து நான்கு என்றால் மூன்று கட்டு, நான்கு உதிரி. பிறகு அட்டை. 30 என்று எழுதிய நீள அட்டை ஒன்று, அதில் பாதி அகலத்தில் 4 என்று எழுதிய சின்ன அட்டை ஒன்று. முப்பதின் சுழி மேல் நான்கை வைத்தால் 34. அந்தப் பிள்ளை முதலில் வைத்துவிட்டு, "சுழி எங்க மிஸ் போச்சு?" என்றது. நான் பதில் சொல்லவில்லை. அதுவே சின்ன அட்டையைத் தூக்கிப் பார்த்தது, மறுபடி வைத்தது, மறுபடி தூக்கியது. அன்று பிற்பகல் முழுக்க அந்த ஒரு வேலைதான். நோட்டில் ஒரு வரி இல்லை.

இப்படி ஒரு மாதம் ஆன நிலையில்தான் அதன் ஆயா, அதாவது பாட்டி, பள்ளிக்கு வந்தார். கூடையில் மீன் வைத்துத் தெருத்தெருவாக விற்பவர். அன்றைக்குப் பார்த்து எனக்குப் பத்து நிமிடம் தாமதம். அதற்குக் காரணம் டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2021-இல் வந்தது நல்ல விஷயம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் நூறு அடி தள்ளிப் போய் நிறுத்துவது, ஓடி வருவதற்குள் கிளப்பிவிடுவது, இதை எத்தனை பேர் அனுபவிக்கிறோம்! பையில் சார்ட், குச்சி, அட்டை எல்லாம் சுமந்துகொண்டு நாற்பது வயதில் ரோட்டில் ஓட வேண்டியிருக்கிறது. இலவசம் வாங்குகிறவள் ஓடட்டும் என்ற நினைப்பு அது. கேட்டால், "டிக்கெட்டா எடுத்த?" என்று ஒருமையில் பதில் வரும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, ஆயாவுக்கு வருகிறேன். வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "இன்னா டீச்சர், ஒரு மாசமா கொழந்த குச்சியக் கட்டிக்கினு கெடக்குது. படிப்பு சொல்லிக் குடுக்குறீங்களா, தொடப்பம் கட்ட சொல்லிக் குடுக்குறீங்களா?"

உள்ளே கூட்டிப் போய் உட்காரவைத்தேன். பேத்தியைக் கூப்பிட்டு, ஆயாவுக்குத் தொண்ணூறு காட்டு என்றேன். ஒன்பது கட்டுகளை வரிசையாக அடுக்கியது. ஆயா விரலால் தொட்டு எண்ணிப் பார்த்தார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் நெத்திலியைக் கூறு போட்டு விற்பவருக்குக் கணக்கு தெரியாதா? "நூறு காட்டு பாக்கலாம்" என்றார். பிள்ளை இன்னொரு கட்டு எடுத்து வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெரிய கட்டாகக் கட்ட ரப்பர் பேண்ட் தேடியது. ஆயா தன் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

அதோடு அவர் சமாதானமாகிவிட்டார் என்று எழுதினால் பொய். எழுந்து போகும்போது, "இதையே நோட்டுலயும் எழுத வையுங்க டீச்சர், அவங்கப்பன் கேக்கறான்" என்றார். அந்தக் கேள்வி நியாயமானது. மறுநாளிலிருந்து கட்டுக்கு ஒரு கோடு, உதிரிக்கு ஒரு புள்ளி என்று நோட்டில் வரைய வைத்தேன், பக்கத்தில் எண். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஏதாவது தெரிய வேண்டும் அல்லவா. உங்கள் பையனின் ஆசிரியரிடம் நீங்களும் இதைத் தயங்காமல் கேட்கலாம்.

செயல்பாடு என்ற பெயரில் நடக்கும் எல்லாமே படிப்பு என்று நான் சொல்லமாட்டேன். மஞ்சள் சட்டை நாள், பழ வேடம், போட்டோ எடுத்து பெற்றோர் குழுவில் போடுவது, இதனால் பிள்ளைக்கு எதுவும் ஏறாது. பணம் கட்டிப் படிக்கும் இடங்களிலும் அது நிறைய நடக்கிறது. வித்தியாசம் தெரிந்துகொள்ள, "இன்று என்ன விளையாடினாய்?" என்று கேட்காதீர்கள், "எனக்கும் அதைச் சொல்லிக்கொடு" என்று கேளுங்கள். தமிழிலும் இப்படித்தான். ட, ப, ம மூன்றும் தெரிந்த பிள்ளை படம், மடம், பட்டம் என்று தானே கூட்டிப் படிக்கிறதா என்று பாருங்கள். 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பித்துவிட்டு "பட்டம்" என்பதை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி நிறுத்தும் பிள்ளைகளும் உண்டு.

மாற்றியே தீருவது என்று முடிவெடுத்தாலும், வீட்டில் கடல் வருமானம் என்றால் ஒன்றை யோசியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறக்கும் ஜூனில்தான் தனியாரில் பணம் கேட்பார்கள், கையில் ஒன்றும் இல்லாத நேரம் அது. வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டு, இரண்டு வருடம் கழித்து மூன்றாம் வகுப்பு நடுவில் எங்களிடமே திரும்பி வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அரும்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது, பிள்ளையும் கூசிப்போகிறது.

அதற்கு முன் இன்றைக்கு ராத்திரி பையனிடம் ஐம்பத்தேழு எழுதச் சொல்லுங்கள். 57 எழுதினால், ஐந்து எதைக் குறிக்கிறது என்று கேளுங்கள். 507 எழுதினால் திட்டாதீர்கள், வீட்டில் ஒரு பழைய துடைப்பம் இருந்தால் குச்சியை உருவிக் கழுவிக் கொடுங்கள். கட்டுவதற்கு நூலே போதும். பழைய ரப்பர் பேண்டைப் பிள்ளைகள் இழுத்தால் அறுந்து கண்ணில் அடிக்கும்.