நாள் முழுக்கக் கதிரையில் இருந்துவிட்டு ஓடப் போனால் கால் ஏன் கனக்கிறது?

கேள்வி இதுதான்: கணினி முன்னால் வேலை, உடம்பு அசைவதே இல்லை, ஆனாலும் மாலையில் ஓடினால் பத்து நிமிடத்தில் கால் சோர்ந்துவிடுகிறது. இது சோம்பலா?

சோம்பல் இல்லை, மூளைக் களைப்பு. எனக்கு இது மார்ச் தோறும் வரும். கொழும்புக் கோட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. மார்ச் 31க்குள் கணக்கு முடிக்க வேண்டும். போன மார்ச்சில் ஒருநாள் தம்பியோடு மெரைன் டிரைவில் ஓடினேன். வெள்ளவத்தையில் தொடங்கி, பம்பலப்பிட்டி ஸ்டேஷன் வருமுன்னரே இரண்டு காலிலும் ஈரச் சாக்கைக் கட்டியது போல் ஆகிவிட்டது. கைக்கடிகாரத்தில் துடிப்பு 148. அந்த வேகத்துக்கு எப்போதும் வருகிற எண்தான். மூச்சும் வாங்கவில்லை. "என்னண்ணா, மலை ஏறுற மாதிரி முகத்தை வச்சிருக்கிறீங்கள்?" என்று தம்பி சிரித்தான்.

ஓட்டம் எவ்வளவு கடினமாகத் தெரிகிறது என்பதை 6 முதல் 20 வரை எண்ணிடும் அளவுகோல் ஒன்று உண்டு. சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் உருவாக்கியது. எண்ணைப் பத்தால் பெருக்கினால், இளவயதினரின் இதயத் துடிப்புக்குக் கிட்டத்தட்ட ஒத்துவரும். எனக்கு வழக்கமாக 13. அன்று 17 என்று குறித்தேன். துடிப்பு மாறவில்லை, உணர்வு மட்டும் எகிறியிருந்தது.

உடற்பயிற்சி ஆய்வாளர் சாமுவேல் மார்கோராவும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. 16 பேர். ஒருநாள் 90 நிமிடம் கணினியில் கவனம் சிதறாமல் செய்யவேண்டிய சலிப்பான வேலை. இன்னொரு நாள் அதே நேரம் ரயில், கார் பற்றிய விவரணப்படம். இரண்டு நாளும் பிறகு சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். படம் பார்த்த நாளில் சராசரியாக 754 வினாடி தாங்கினார்கள், மூளை களைத்த நாளில் 640. இதயமும் நுரையீரலும் பெரிதாக மாறவில்லை, மிதிக்கும் ஆர்வமும் குறையவில்லை. தொடக்கம் முதலே கடினமாகத் தெரிந்ததால், "இனி முடியாது" என்ற எல்லைக்கு முன்னதாகவே வந்துவிட்டார்கள். நீண்டநேர மூளை வேலையால் மூளையில் அடினோசின் என்ற, களைப்பை உணரவைக்கும் வேதிப்பொருள் சேர்வது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். தேநீரில் உள்ள கஃபீன் தடுப்பது அதன் வேலையைத்தான். ஓடுமுன் ஒரு பிளேன்டி (பால் சேர்க்காத தேநீர்) குடித்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாகிறது; இரவு நித்திரை கெடும், அது வேறு கதை.

ஒன்றைக் கவனியுங்கள். கடிகார எண்ணும் வழக்கத்தைவிடக் கூடினால் பழியை மூளைமேல் போடாதீர்கள். கொழும்புப் புழுக்கமே துடிப்பை ஏற்றிவிடும். நித்திரைக் குறைவு, காய்ச்சல் என்றும் இருக்கலாம். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ டொக்டரிடம் போங்கள்.

சரி, என்ன செய்வது? மூளைக் களைப்பு அதிகம் கெடுப்பது நீண்ட ஓட்டத்தை. சில வினாடி முழுவேக ஓட்டத்தை அவ்வளவாகத் தொடாது. அதனால் நீண்ட ஓட்டத்தை ஞாயிறு காலைக்குத் தள்ளிவிட்டேன். மார்ச் மாலைகளில் கடல் பக்கம் இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு இடையே எட்டுத் தடவை வேகமாக ஓடுவேன், இடையில் நடை. தம்பிக்கு அந்த நாட்களில்தான் மூச்சு வாங்குகிறது.