மாமனார் ஊர் மனையை யார் பேரில் எழுதுவது?

கேள்வி: நான் கீழக்கரைக்காரன், இந்தியக் குடிமகன். மத்திய ஜாவாவில் சோலோ நகரத்து நெசவு ஆலை ஒன்றில் வேலை. 2019-ல் இங்கே கேயூஏ என்கிற மத விவகார அலுவலகத்தில் ஜாவானியப் பெண்ணை நிக்காஹ் செய்தேன். ஒரு பெண் குழந்தை. மனைவியின் கிராமம் க்ளாத்தென் மாவட்டத்தில். மாமனார் தன் வீட்டு மனையில் ஒரு பகுதியைத் தருகிறேன், வீடு கட்டிக்கொள்ளுங்கள் என்கிறார். பத்திரம் இல்லை, 'லெட்டர் சே' என்கிற கிராமப் பேரேட்டுக் குறிப்பு மட்டும்தான். பதிவுக்குப் போன மனைவியை, "வெளிநாட்டுக்காரரைக் கட்டியிருக்கிறீர்கள், ஒப்பந்தம் எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "என் பேரில் எழுதிக்கொள்வோம், உனக்குத் தனியாக ஒரு தாள் தருகிறேன்" என்கிறார் மனைவியின் சித்தப்பா. மாமனாரின் வயல் 2014 முதல் அடகில் கிடக்கிறது. அதை மீட்கவும் மாமனார் பணம் கேட்கிறார். அடுத்த மாதம் வாப்பாவும் உம்மாவும் மாமனார் வீட்டுக்கு வருகிறார்கள், ஆர்டி என்கிற தெருத் தலைவரிடம் சொல்ல வேண்டுமாமே?

பதில்: சித்தப்பாவின் யோசனையை முதலில் தள்ளிவைத்துவிடுங்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும், சட்டம் அதைப் பார்க்காது. இந்தோனேசியாவின் அடிப்படை நிலச் சட்டம் (1960-ன் 5-ஆம் எண்) 'ஹாக் மிலிக்' என்கிற முழு உரிமையைச் சொந்தக் குடிமக்களுக்கு மட்டுமே தருகிறது. நேராகவோ சுற்றிவளைத்தோ அதை வெளிநாட்டவர் கைக்குக் கொண்டுபோகும் எந்த ஏற்பாடும் 26-ஆம் பிரிவின்படி செல்லாது. நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்க முடியாது. சித்தப்பா தரும் அந்தத் தாளை நீதிமன்றத்தில் நீட்டினால், நீங்களே உங்கள் மேல் குற்றச்சாட்டு எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும். பினாமி எந்த ஊரிலும் பினாமிதான்.

மனைவியைத் திருப்பி அனுப்பியதில் நியாயம் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு வாங்கும் சொத்து இருவருக்கும் பொது என்கிறது 1974-ன் திருமணச் சட்டம். பொது என்றால் அதில் உங்கள் பங்கும் உண்டு. கல்யாணத்தால் அப்படிச் சேரும் உரிமையை வெளிநாட்டவர் ஒரு வருடத்துக்குள் விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அது அற்றுப்போகும். இதற்கு வழி, இருவர் சொத்தும் தனித்தனி என்று ஓர் ஒப்பந்தம். முன்பெல்லாம் நிக்காஹுக்கு முன்பே எழுதியிருந்தால்தான் செல்லும். ஜப்பானியரை மணந்த ஓர் இந்தோனேசியப் பெண் அடுக்குமாடி வீடு வாங்க முடியாமல் வழக்குப் போட்டார். 2016 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம், கல்யாணத்துக்குப் பிறகும் எழுதலாம் என்று தீர்ப்பளித்தது. ஆகவே நோட்டாரிஸ் ஒருவரிடம் ஒப்பந்தத்தை எழுதி, நிக்காஹ் பதிவான கேயூஏவில் அதையும் பதிவு செய்யுங்கள். இது முடியும் வரை மனைக்காக ஒரு ரூபியா கூட நகர வேண்டாம்.

மாமனார் விற்கிறாரா, கொடுக்கிறாரா? 'தருகிறேன்' என்றால் ஹிபாவாக, அதாவது தானமாக எழுதச் சொல்லுங்கள். பரிசாகவும் வாரிசாகவும் வருவது அந்தந்தவருக்கே உரியது; அது பொதுச் சொத்தில் சேராது. ஆனால் ஹிபா மொத்தச் சொத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தோனேசிய இஸ்லாமியச் சட்டத் தொகுப்பு. பிள்ளைக்குக் கொடுத்த ஹிபாவை அப்புறம் வாரிசுப் பங்கிலும் கழிக்கலாம். அதனால் மனைவியின் உடன்பிறந்தோர் அத்தனை பேரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நான் பார்த்த குடும்பச் சண்டைகளில் பாதி, 'தங்கச்சிதானே, கையெழுத்து எதுக்கு' என்று தொடங்கியவை.

அடுத்தது லெட்டர் சே. அது கிராமச் செயலாளர், அதாவது பாக் சாரிக் வைத்திருக்கும் பழைய நில வரிப் பேரேடு. வயலுக்கு 'எஸ்', மேட்டு நிலத்துக்கு 'டி' என்று குறித்து, கை மாறிய காரணத்தையும் தேதியையும் எழுதியிருப்பார்கள். நம்மூர் அடங்கலைப் பார்த்தவர்களுக்கு அதன் முகம் புதிதாகத் தெரியாது. மாமனார் போட்டோ எடுத்து அனுப்பியது போதாது, நீங்கள் நேரில் போய்ப் பாருங்கள். எந்தப் பேரில் இருக்கிறது? ஜாவானிய ஆண்கள் கல்யாணமானதும் புதுப் பேர் வைத்துக்கொள்வது பழைய வழக்கம். பேரேட்டில் தாத்தாவின் சிறுவயதுப் பேரும், மற்ற காகிதங்களில் வேறு பேரும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்று கிராமத் தலைவரிடம் சான்று வாங்க வேண்டும். தாத்தா பேரிலேயே நின்றுபோயிருந்தால் மாமனாரின் உடன்பிறந்தோரும் வாரிசு, சித்தப்பா உட்பட! அவர் இவ்வளவு ஆர்வம் காட்டுவதற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம். நான் சந்தேகப் பிராணி, மன்னிக்கவும். அந்த மனை 'பெங்கோக்' இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். கிராம அதிகாரிகளுக்குச் சம்பளத்துக்கு ஈடாக விடப்படும் நிலம் அது, பதவி போனால் நிலமும் போகும்.

இந்தப் பழைய காகிதங்களைப் பதிவு செய்துகொள்ள 2021-ன் 18-ஆம் எண் அரசு விதி 5 வருடம் கெடு வைத்தது. 2026 பிப்ரவரி 2-க்குப் பிறகு அவை உரிமைச் சான்றாக நிற்காது, பதிவுக்கு வழிகாட்டும் குறிப்பாக மட்டும் உதவும். ஆகவே முதலில் மாமனார் பேரில் பிபிஎன் நில அலுவலகச் சான்றிதழ், அப்புறம் நிலப் பத்திரம் எழுதும் அதிகாரியான பிபிஏடி முன்னிலையில் மனைவிக்கு ஹிபா பத்திரம். வரிசையை மாற்றாதீர்கள்.

வயல் விஷயத்தில் உங்களுக்கு நல்ல செய்தி. 1960-ன் 56-ஆம் எண் சட்டம், 7-ஆம் பிரிவு: விவசாய நிலம் 7 வருடமோ அதற்கு மேலோ அடகில் இருந்தால், நிற்கும் பயிரை அறுத்த ஒரு மாதத்துக்குள் அடகு பிடித்தவர் நிலத்தைத் திருப்பித் தர வேண்டும். மீட்புத் தொகை கேட்க உரிமை கிடையாது. 2014-ல் வைத்தது என்றால் 2021-லேயே அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. மாமனாருக்கு இது தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் பக்கத்து வீட்டுக்காரரிடம் முகம் முறிக்க மனம் வராமல் இருக்கலாம். ஜாவா கிராமத்தில் இன்று வழக்கு, நாளை அதே வீட்டில் ஸ்லாமத்தான் என்கிற விருந்துச் சாப்பாடு. கிராமத் தலைவரான பாக் லுராவை வைத்துப் பேசி, கௌரவத்துக்காக ஒரு சிறு தொகை கொடுப்பதை நான் தடுக்கமாட்டேன். முழுத் தொகையைக் கொடுப்பது வீண். அந்த வயலை மனைவி பேரில் வாங்கவும் நினைக்காதீர்கள். விவசாய நிலத்துக்காரர் அதே கெச்சாமத்தானில் (நம்மூர் வட்டம் மாதிரி) குடியிருக்க வேண்டும் என்ற விதி உண்டு, நீங்கள் சோலோவில் இருக்கிறீர்கள்.

"அப்போ என் காசுக்கு என்ன பாதுகாப்பு?" என்று கேட்பீர்கள். மனையில் எதுவும் இல்லை. வீடு கட்டும் பணத்தை மனைவிக்கும் மகளுக்கும் கொடுத்ததாக நினைக்க முடிந்தால் செலவழியுங்கள், முடியாவிட்டால் சோலோவில் வாடகைக்கே இருங்கள். நாளை மனைவி வழியாக வாரிசுப் பங்கு வந்தாலும் அந்த ஒரு வருடக் கெடு உங்களுக்குப் பொருந்தும். மகள் இந்தோனேசியக் குடியுரிமையோடு இருந்தால் அவள் பங்குக்கு அந்தச் சிக்கல் இல்லை. அவள் காகிதங்களைப் பத்திரமாக வையுங்கள்.

வாப்பா, உம்மா வருகைக்கு வருவோம். 'விருந்தினர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும்' என்ற பலகையைத் தெருமுனையில் பார்த்திருப்பீர்கள். அதன்படி மாமனாரே பாஸ்போர்ட் நகல்களோடு பாக் ஆர்டி வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடட்டும். குடிவரவு அதிகாரி கேட்டால் விவரம் தருவது வீட்டுக்காரரின் சட்டக் கடமையும் கூட. வந்திறங்கியதும் வாங்கும் விசா 30 நாளுக்குச் செல்லும், ஒருமுறை இன்னொரு 30 நாள் நீட்டலாம். அதைத் தாண்டினால் தலைக்கு ஒரு நாளுக்கு 10 லட்சம் ரூபியா அபராதம். பாக் ஆர்டியைப் பார்க்கப் போகும்போது உம்மா கொண்டுவரும் தொதலில் ஒரு டப்பாவையும் கொடுத்து அனுப்புங்கள். அவர்கள் 'தோதோல்' என்று சொல்லிச் சாப்பிடுவதும் கிட்டத்தட்ட அதுதான்.