செவ்வாய்க்கிழமைக்கு லூவ்ர் டிக்கெட் விற்கும் ஏஜென்ட்

கேள்வி: செப்டம்பரில் பாரிஸ் போகிறோம். நான், கணவர், 12 வயது மகள், முழங்கால் வலியுள்ள மாமியார். ஞாயிறு மாலை இறங்கி வெள்ளி காலை கிளம்புகிறோம். வரிசையில் நிற்கவே வேண்டாம் என்று சொல்லி டிராவல் ஏஜென்ட் ஒரு பேக்கேஜ் கொடுக்கிறார்: திங்கள் நோட்ர டாம், செவ்வாய் லூவ்ர், புதன் ஈஃபிள் கோபுரம், வியாழன் வெர்சாய் அரண்மனை. நான்கு பேருக்கும் தலைக்கு ஒரே விலை. வாங்கலாமா?
– கோவை வாசகி

பதில்: வாங்காதீர்கள். அவர் கொடுத்த பட்டியலே காட்டிக்கொடுக்கிறது. லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்தான் வார விடுமுறை. ஓர்சே அருங்காட்சியகமும் வெர்சாயும் திங்களன்று மூடியிருக்கும். ஊருக்கு ஊர் சுற்றுலாப் பயணி வேண்டும் என்று கூவுகிறார்கள், ஆனால் எது என்றைக்குத் திறந்திருக்கும் என்பதை மட்டும் வருபவர் மனப்பாடம் செய்துகொண்டு வரவேண்டும். அது போகட்டும், இதையே தொழிலாக வைத்திருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாமா?

அடுத்து, நோட்ர டாம். அந்தத் தேவாலயத்துக்குள் போக ஒரு காசு கட்டணம் இல்லை. 2019 தீவிபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் திறந்ததிலிருந்து இன்றுவரை இலவசம்தான். நேரம் பதிவு செய்துகொள்ள விரும்பினால் தேவாலயத்தின் சொந்த இணையதளத்தில் ஓரிரு நாள் முன்னதாகச் செய்யலாம், அதுவும் இலவசம். பதியாமல் போனாலும் விடுவார்கள், வரிசை நீளமாகத் தெரிந்தாலும் வேகமாக நகரும். கோபுரத்தின் மேலே ஏறத்தான் தனி டிக்கெட். அங்கே 424 படிகள், உங்கள் மாமியாருக்கு அந்தப் பேச்சே வேண்டாம். ஆக, ‘நோட்ர டாம் நுழைவு’ என்று ஏஜென்ட் விலைப்பட்டியலில் எழுதியிருந்தால் இல்லாத சரக்குக்குக் காசு கேட்கிறார் என்று அர்த்தம்.

‘வரிசையில் நிற்காத டிக்கெட்’ என்பதும் பெரும்பாலும் பெயரளவில்தான். வாசலில் இருப்பது பாதுகாப்புச் சோதனை வரிசை. பையை எக்ஸ்ரேயில் வைக்காமல் யாரும் உள்ளே போக முடியாது. டிக்கெட் வாங்கும் வரிசையைத் தவிர்க்க, அருங்காட்சியகத்தின் சொந்த தளத்தில் நேரம் குறித்து வாங்கிய சாதாரண டிக்கெட்டே போதும். இடைத்தரகரிடம் வாங்கினால் கூடுதல் தொல்லை வேறு: ஈஃபிள் கோபுரத்திலிருந்து நாலைந்து தெரு தள்ளி ஒரு கடை வாசலில் அரைமணி முன்னதாக வந்து நில்லுங்கள், எங்கள் ஆள் கொடி பிடித்துக் கூட்டிப்போவார் என்பார்கள். முழங்கால் வலிக்காரருக்கு அந்த நடையே தண்டனை. தேடும்போது முதலில் வந்து நிற்கும் விளம்பரத் தளங்களும் இந்த வகைதான். முகவரியை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு அட்டை எண்ணைக் கொடுங்கள்.

மகளுக்கு ஏன் பெரியவர் விலை? லூவ்ர், ஓர்சே, வெர்சாய் மூன்றிலும் 18 வயதுக்குக் கீழே யாருக்கும் கட்டணம் இல்லை, எந்த நாட்டவரானாலும் சரி. ஆனால் ‘இலவசம்தானே’ என்று பெரியவர்களுக்கு மட்டும் பதிவு செய்துவிட்டு லூவ்ர் வாசலில் போய் நிற்காதீர்கள். அவளுக்கும் அதே நேரத்துக்குப் பூஜ்ய யூரோ டிக்கெட் ஒன்று எடுக்க வேண்டும், வயதைக் காட்ட அவளுடைய பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். 26 வயதுவரை இலவசம் என்று சிலர் சொல்வது ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். ஈஃபிள் கோபுரம் இந்தக் கணக்கிலேயே வராது. அங்கே 4 வயதுக்குக் கீழேதான் இலவசம். 4 முதல் 11 வரை குழந்தை விலை, 12 முதல் 24 வரை இளையோர் விலை. மகளுக்கு 12 முடிந்துவிட்டதால் இளையோர் டிக்கெட்தான் எடுக்க வேண்டும். 11 என்று போட்டு நாலு காசு மிச்சம் பிடிக்கப் பார்த்தால் வாசலில் பாஸ்போர்ட் பேசிவிடும்.

பெரியவர்களுக்கு லூவ்ர் 32 யூரோ. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கென்று 2026 ஜனவரியில் ஏற்றிய விலை. கடுப்பாகத்தான் இருக்கும், வேறு வழியில்லை. புதனும் வெள்ளியும் இரவு 9 வரை திறந்திருப்பதால் புதன் மாலை 4 மணிக்கு மேல் நேரம் எடுங்கள், சுற்றுலாக் கூட்டங்கள் அப்போது கலையத் தொடங்கும். கண்ணாடிப் பிரமிடுக்குள் நுழைந்ததும் சுழல் படிக்கட்டின் நடுவே கீழே இறங்கும் உருளை வடிவ லிஃப்ட் இருக்கிறது, மாமியாரை அதில் இறக்குங்கள். கீழே சக்கர நாற்காலி இரவலாகக் கிடைக்கும், வாடகை இல்லை. மோனா லிசா தெனோன் பிரிவில் 711ஆம் அறை. முதலில் அதை முடித்துவிட்டால் மற்றதை நிம்மதியாகப் பார்க்கலாம்.

ஈஃபிளைச் செவ்வாய்க்கு மாற்றுங்கள். லிஃப்ட் டிக்கெட் 60 நாள் முன்பு இணையத்தில் திறக்கும், நல்ல நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். இரண்டாம் தளமே போதும். உச்சிக்குப் போக அங்கே இன்னொரு லிஃப்ட்டுக்கு மாறி நிற்க வேண்டும், காற்று பலமாக அடித்தால் அதை மூடியும் விடுவார்கள். மலிவு என்று படிக்கட்டு டிக்கெட்டை எடுத்துவிடாதீர்கள், 674 படி. இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் கோபுரம் மின்னும். அதை எதிர்க்கரை த்ரோக்கதேரோ மேடையிலிருந்து காசில்லாமல் பார்க்கலாம்.

வியாழன் வெர்சாயை விட்டுவிடுங்கள். கல் பாவிய முற்றம், முடிவில்லாத கூடங்கள், நடை மேல் நடை. பதிலாக ஓர்சே. பழைய ரயில் நிலையம், ஒரே கூரையின் கீழ் மோனே, வான் கோ ஓவியங்கள். வியாழனன்று இரவு 9.45 வரை திறந்திருக்கும், மாலை 6க்கு மேல் கட்டணமும் குறைவு.

போக்குவரத்தில் ஒரு கணக்கு. சார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து ரயில் டிக்கெட் தலைக்கு 14 யூரோ, நான்கு பேருக்கு 56. அரசு நிர்ணயித்த டாக்ஸிக் கட்டணம் சீன் நதியின் வலக்கரைக்கு 56, இடக்கரைக்கு 65. இது வண்டிக்கு, தலைக்கு அல்ல. பெட்டியும் முழங்கால் வலியும் இருக்கும்போது ரயில் எதற்கு? ஆனால் வருகைக் கூடத்துக்குள் ‘டாக்ஸி, டாக்ஸி’ என்று காதில் ஓதுபவர் பின்னால் போகாதீர்கள். வெளியே பலகை போட்ட டாக்ஸி நிறுத்தத்தில் வரிசையில் வரும் வண்டிக்குத்தான் அந்த விலை.

ஊருக்குள் மெட்ரோவைக் குறையுங்கள். முழுக்கப் படியில்லாமல் போகக்கூடியது 14ஆம் தடம் மட்டும்தான். பஸ்ஸில் ஏறுங்கள். 69ஆம் எண் பஸ் ஈஃபிள் பக்கத்திலிருந்து ஓர்சே, லூவ்ர் வழியாகப் போகிறது. பயண டிக்கெட்டுகளை ஏற்றிக்கொள்ளும் நவிகோ ஈசி அட்டையை ஆளுக்கொன்று வாங்குங்கள், அட்டை விலை 2 யூரோ. ஒரே அட்டையை நாலு பேர் கைமாற்றித் தட்டினால் பரிசோதகர் அபராதம் போடுவார். பஸ் டிக்கெட்டில் மெட்ரோ ஏற முடியாது, மெட்ரோ டிக்கெட்டில் பஸ்ஸும் கிடையாது. ஏன் என்று கேட்காதீர்கள், தனித்தனியாக ஏற்றிக்கொள்ளுங்கள்.

சோறு தேடினால் வட ரயில் நிலையத்தை ஒட்டிய லாச்சப்பலுக்குப் போங்கள். ஈழத் தமிழர் கடைத்தெரு, இட்லியும் கிடைக்கும்.

ஏஜென்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தால், எந்த டிக்கெட்டுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுத்தில் கேளுங்கள். செவ்வாய் லூவ்ரையும் நோட்ர டாமையும் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.