கருப்பை வாய்ப் புற்றுநோயை வரும் முன்பே கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே, எப்படி?

கருப்பை வாயில் செல்கள் கட்டுமீறிப் பெருகுவதுதான் இந்த நோய். காரணம் பெரும்பாலும் எச்பிவி எனப்படும் மனித பாப்பிலோமா வைரஸ். 1980களில் ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன் இதைக் கண்டறிந்ததால்தான் 2006-இல் தடுப்பூசி வந்தது. தொற்று புற்றாக மாறப் பல ஆண்டுகள் ஆகும். அந்த அவகாசம் பெரிய வரம்.

நம் காரைக்குடிப் பக்கத்து ஓட்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஈரக்கறை தெரிந்ததுமே உடைந்த ஓட்டை மாற்றினால் தேக்கு உத்திரம் தப்பிக்கும். பரிசோதனையும் அப்படித்தான்: வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தை நீர்க்கச் செய்து கருப்பை வாயில் பஞ்சால் தடவினால், மாறிய செல்கள் ஒரு நிமிடத்தில் வெள்ளையாகத் தெரியும். திண்டுக்கல் மாவட்டத்தில் இதை ஆராய்ந்தார்கள். சோதனை நடந்த ஊர்களில் இந்நோயால் இறப்பு மற்ற ஊர்களைவிட 35 சதவீதம் குறைவு என்று 2007-இல் முடிவு வெளியானது. எளிய பஞ்சும் அமிலமும் செய்த வேலை!

இந்தச் சோதனையில் வெள்ளையாகத் தெரிந்தாலே புற்றுநோய் என்று ஆச்சிமார் பலர் பயப்படுகிறார்கள். அது பெரும்பாலும் சாதாரண அழற்சியோ, எளிதில் குணமாகும், புற்றுக்கு முந்தைய நிலையோதான்.