குளித்ததும் அடைக்கும் காது: உள்ளே என்ன இருக்கிறது, எதை விடலாம், எதை விடக்கூடாது

கேள்வி: "குளித்துவிட்டு வந்தால் வலது காது கப்பென்று அடைத்துக்கொள்கிறது. பட்ஸ் விட்டுச் சுற்றினால் இன்னும் மோசமாகிறது. நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றலாமா? காதுக்குள்ளே அப்படி என்னதான் இருக்கிறது? ஊர் குடியாத்தம்."

முதலில் பட்ஸைக் கீழே வையுங்கள். ஹேர்பின், ஊக்கு, பைக் சாவி, தீக்குச்சி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உங்கள் ஊர் தீப்பெட்டிக்குப் பேர்போனதுதான். அதற்காகக் குச்சியைக் காதில் விட வேண்டியதில்லை.

உங்களுக்கு இருப்பது அநேகமாகக் குறும்பி அடைப்பு, அதாவது காதில் சுரக்கும் மெழுகு மாதிரியான அழுக்கு அடைத்துக்கொண்டிருப்பது. அநேகமாக என்று ஏன் இழுக்கிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். குறும்பி நாள்கணக்கில் சேர்ந்தாலும் காது கேட்டுக்கொண்டுதான் இருக்கும். ஓரத்தில் ஊசி முனை அளவுக்கு வழி இருந்தால்கூட ஒலி உள்ளே போய்விடும். குளிக்கும்போது தண்ணீர் பட்டுக் குறும்பி ஊறி உப்பியதும் அந்த வழியும் மூடிக்கொள்கிறது. அதனால்தான் நேற்றுவரை நன்றாக இருந்த காது ஒரு சொம்புத் தண்ணீரில் அடைத்துப்போகிறது.

பட்ஸ் ஏன் கூடாது என்பதற்குக் குழாயின் அமைப்பைப் பார்த்தாலே போதும். பெரியவர்களுக்குச் செவிக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். நேராக இருக்காது, லேசாக நெளிந்திருக்கும். வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு. முடிகளும் குறும்பிச் சுரப்பிகளும் அந்தப் பகுதியில் மட்டும்தான். மீதி உள்பக்கம் முழுக்க எலும்பு. அதன்மேல் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய தோல், அடியில் கொழுப்பே இல்லாமல் எலும்போடு ஒட்டிக்கிடக்கிறது. அங்கே குறும்பி சுரப்பதே கிடையாது. ஆக, குழாயின் உள்கோடியில் இருக்கும் செவிப்பறையை ஒட்டிக் குறும்பி கெட்டித்துக் கிடந்தால் அது தானாக அங்கே போனதில்லை. யாரோ தள்ளியிருக்கிறார்கள். பட்ஸில் ஒட்டி வரும் கொஞ்சத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம், பத்து மடங்கு உள்ளே போனது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இன்னொன்று, காது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் உறுப்பு. செவிப்பறையின் தோல் நடுவிலிருந்து விளிம்புக்கு நகர்ந்து, அங்கிருந்து குழாய்ச் சுவர் வழியாக வாசலை நோக்கி ஊர்ந்து வருகிறது. வேகம் நாளைக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட நகம் வளரும் வேகம். செத்த தோலையும் தூசியையும் குறும்பியையும் தானே சுமந்துகொண்டு வெளியே வரும். நீங்கள் மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைந்து அதை உதிர்க்கிறது. துண்டு நுனியால் வாசலை மட்டும் துடைத்தால் போதும்.

காதுக்குள் பட்ஸ் விடும்போது சிலருக்கு இருமல் வரும். தொண்டைக்கும் போகிற வேகஸ் நரம்பின் ஒரு கிளை குழாய்ச் சுவரில் ஓடுகிறது, அதனால் வருவது அது.

இப்போது எண்ணெய். "எங்க பாட்டி காலத்துலருந்து ஊத்துறோம், இன்னா ஆச்சு?" என்று சண்டைக்கு வருவார்கள் எனத் தெரியும். எண்ணெயே விஷம் என்று நான் சொல்லவில்லை. குறும்பியை இளக்க எண்ணெயும் உதவும். ஆனால் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சிய எண்ணெயில் வெந்துபோன காதுகள் நிறைய. கை தாங்குகிற சூட்டை அந்தச் சருகுத் தோல் தாங்காது. இரண்டாவது, உங்கள் செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நேராகப் பறைக்குப் பின்னால் இருக்கும் நடுக்காதுக்குள் இறங்கும். எப்போதாவது காதில் சீழ் வடிந்திருந்தாலோ, மூக்கைச் சிந்தும்போது காது வழியாகக் காற்று விசில் அடித்தாலோ ஓட்டை இருக்கலாம், எதையுமே விடாதீர்கள். மூன்றாவது, அரிப்புதான் அதிகம் என்றால் அது காளானாக இருக்கலாம். அக்னி நட்சத்திர வெயிலில் வியர்வை, ஹெல்மெட், நாள் முழுக்க இயர்போன், கூடவே பட்ஸ் கீறல், இவ்வளவும் சேர்ந்தால் காளானுக்கு வேறென்ன வேண்டும்? உள்ளே பார்த்தால் நனைந்த செய்தித்தாளைக் கசக்கித் திணித்த மாதிரி, கறுப்புப் புள்ளிகளோடு இருக்கும். அதில் எண்ணெய் ஊற்றினால் தீனி போட்ட மாதிரி.

ஓட்டை இல்லை, வலி இல்லை, சீழ் இல்லை என்றால் செய்ய வேண்டியது இதுதான். மருந்துக்கடையில் குறும்பி இளக்கும் சொட்டு மருந்து என்று கேளுங்கள், சோடியம் பைகார்பனேட் கலந்தது கிடைத்தால் நல்லது. புட்டியை இரண்டு நிமிடம் உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொள்ளுங்கள், உடம்புச் சூட்டுக்கு வரட்டும். அடைத்த காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுங்கள். மடலை மேல்நோக்கியும் பின்னோக்கியும் இழுத்தால் நெளிந்த குழாய் நேராகும். கைக்குழந்தைக்கு என்றால் கீழ்நோக்கியும் பின்னோக்கியும் இழுக்க வேண்டும். நான்கைந்து சொட்டு விட்டு, காது வாசலுக்கு முன்னால் இருக்கும் சிறு மேட்டை நான்கு தடவை அமுக்கி விடுங்கள். ஐந்து நிமிடம் அப்படியே படுத்திருங்கள். நாளைக்கு இரண்டு மூன்று வேளை, மூன்றிலிருந்து ஐந்து நாள். முதல் இரண்டு நாள் அடைப்பு கூடுகிற மாதிரிதான் இருக்கும். ஊறுவதால் அப்படி, பயந்து நிறுத்த வேண்டாம். வலித்தாலோ தலை சுற்றினாலோ நிறுத்திவிடுங்கள். சர்க்கரை நோயாளியாக இருந்தால் வீட்டு வைத்தியமே வேண்டாம், அவர்களுக்குச் சின்னக் கீறல்கூட எலும்புவரை போகும் தொற்றாக மாறலாம்.

ஐந்து நாளில் விடவில்லை என்றால் இ.என்.டி. மருத்துவரிடம் போய் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பீய்ச்சி எடுப்பார்கள், அல்லது உறிஞ்சி எடுப்பார்கள். பீய்ச்சும் தண்ணீர் 37 டிகிரி இருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் உலகமே சுற்றும். காரணம், உள்காதில் ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்கும் மூன்று அரைவட்டக் குழாய்கள். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அவற்றுக்குள் இருக்கும் திரவத்தின் ஓட்டம்தான் மூளைக்குச் சொல்கிறது. ஒரு பக்கம் குளிர்ந்தால் திரவம் ஓடத் தொடங்கும், உட்கார்ந்திருக்கும் ஆளை மூளை சுழல்வதாக நினைத்துக்கொள்ளும். இதை விளக்கியதற்காகத்தான் ராபர்ட் பாரானிக்கு 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, 'அநேகமாக' விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பதிலில் இது ஒன்றை மட்டும் படித்தாலும் போதும்.

இரண்டு காதும் நன்றாக இருக்கிற ஒருவரை ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகச் சொல்லுங்கள். சத்தம் விரல் அடைத்த பக்கமாகச் சாய்ந்து, அந்தக் காதுக்குள்ளேயே முழங்கும். முனகல் மண்டை எலும்பு வழியாக உள்காதுக்குப் போகிறது, அடைத்த காதில் அது வெளியே கசியாமலும் வெளிச்சத்தம் குறுக்கே வராமலும் நிற்கிறது. இப்போது விரல் எதுவும் வைக்காமல் நீங்கள் முனகிப் பாருங்கள். உங்களுடைய அடைத்த வலது காதில் சத்தம் கூடுதலாகக் கேட்டால் கோளாறு வெளியிலோ நடுக்காதிலோ: குறும்பி, நீர்க்கோப்பு, அந்த மாதிரி. ஆனால் நல்ல இடது காதில் கூடுதலாகக் கேட்டால் வலது காதின் நரம்புப் பக்கத்தில் கோளாறு. மருத்துவர்கள் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை (டியூனிங் ஃபோர்க்) நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதைத்தான். காது திடீரென்று அடைத்து, முனகல் நல்ல காதுக்குச் சாய்ந்தால், சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே வேலூர் சி.எம்.சி.யோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியோ, எங்கே முடிகிறதோ அங்கே போங்கள். ஸ்டீராய்டு மாத்திரையை முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு அதிகம். இரண்டு வாரம் தாண்டத் தாண்ட அது குறைந்துகொண்டே போகும். "அழுக்குதான், தானா போயிடும்" என்று ஒரு மாதம் கழித்து வருகிறவர்களுக்குச் செய்யப் பெரிதாக ஒன்றும் மிஞ்சுவதில்லை.

நடுக்காது என்று எதைச் சொல்கிறேன்? செவிப்பறை சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரம், 0.1 மில்லிமீட்டர் தடிமன். அதற்குப் பின்னால் காற்று நிறைந்த ஒரு சின்ன அறை. அதில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்புகள் கோத்துக்கொண்டு நிற்கின்றன. அங்கவடி மூன்று மில்லிமீட்டர்தான், உடம்பிலேயே சிறிய எலும்பு. இந்தக் கோவை எதற்கு? உள்காதில் இருப்பது திரவம். கிணற்றுக்குள் முங்கியிருப்பவனுக்கு மேட்டில் நின்று கத்துவது கேட்காது அல்லவா, காற்றில் வரும் ஒலி திரவத்தின் மேல் பட்டால் கிட்டத்தட்ட எல்லாமே திரும்பிப் போய்விடும். அகலமான செவிப்பறை வாங்கும் அதிர்வை, அதில் 17இல் ஒரு பங்கே உள்ள அங்கவடியின் பாதத்தில் குவித்து, எலும்புகளின் நெம்புதலும் சேர, அழுத்தத்தைச் சுமார் 22 மடங்காக்கி உள்ளே தள்ளுகிறது இந்த அமைப்பு. இந்தக் கோவை நின்றுபோனால் கேட்கும் திறன் பாதிக்குமேல் போன மாதிரி ஆகிவிடும்.

அந்த அறைக்குக் காற்று, மூக்கின் பின்புறத்திலிருந்து வரும் யூஸ்டேஷியன் குழாய் வழியாக. ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது காது அடைப்பதும், எச்சில் விழுங்கினால் 'டப்' என்று விடுவதும் இந்தக் குழாய் திறப்பதால்தான். குழந்தைகளுக்கு இது குட்டையாக, படுக்கைவசமாக இருக்கும். சளி பிடித்தால் உடனே காது வலி வருவது அதனால்தான்.

இன்னொரு வயிற்றெரிச்சல், கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். காதில் சீழ் என்றதும் உள்ளே பார்க்காமலே சொட்டு மருந்தை எடுத்து நீட்டும் கடைகள் இருக்கின்றன. ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சொட்டுகள் ஓட்டை விழுந்த பறை வழியாக உள்காதுக்குப் போனால் அங்கே ஒலியை உணரும் மயிரணுக்களைக் கொல்லக்கூடியவை. பேருந்து நிலைய ஓரத்தில் பஞ்சும் கம்பியுமாக உட்கார்ந்து, காதிலிருந்து 'கல்' எடுத்துக் காட்டுகிறவர்களும் அப்படித்தான். அந்தக் கல் அவர்கள் விரலிடுக்கிலிருந்து வருவது. இதெல்லாம் போதாதென்று, வேலூருக்கும் ஆற்காட்டுக்கும் நடுவே ஓடும் சில பேருந்துகளின் பாட்டு ஹார்ன். பல சுருதியில் மாறி மாறி ஒலிக்கும் ஹார்ன் கூடாது என்று 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. யார் கேட்கிறார்கள்!

ஹார்னில் தொட்டதால் இதையும் சொல்கிறேன், குடியாத்தத்துக்காரர் என்பதால் வீட்டில் யாராவது விசைத்தறியில் இருக்கலாம். உள்காதில் ஒலியை உணரும் குழாய் நத்தைக்கூடு மாதிரி இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுருண்டிருக்கும். அதை விரித்தால் சுமார் 35 மில்லிமீட்டர். உள்வரிசையில் ஏறக்குறைய 3,500 மயிரணுக்கள், வெளிவரிசைகளில் 12,000. செத்தால் மனிதருக்கு மறுபடி முளைக்காது. வாசலை ஒட்டிய பகுதி உச்ச ஒலிக்கு, உள் நுனி தாழ்ந்த ஒலிக்கு. இரைச்சல் முதலில் அடிப்பது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். அதனால்தான் தறிக்காரர்கள் "காது கேக்குது, பேச்சுதான் புரியல" என்கிறார்கள். உயிரெழுத்து கேட்கும், 'ச'வும் 'த'வும் உதிர்ந்துபோகும். ஒரு கை தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் 85 டெசிபெலைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரத்துக்கு அதுதான் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். பஞ்சு உருண்டை கிட்டத்தட்ட எதையும் தடுக்காது. நுரை அடைப்பான் வாங்கி, விரலில் உருட்டி ஒல்லியாக்கி, எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து மடலை இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, விரியும்வரை அரை நிமிடம் அழுத்திக்கொள்ள வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டு நின்றால் போடாததற்குச் சமம்.

உங்கள் காதுக்குத் திரும்பினால், குறும்பி எடுத்தபின் இரண்டு நாள் தலைக்குக் குளிக்கும்போது வாஸலின் தடவிய பஞ்சைக் காது வாசலில் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த கையோடு மருத்துவரிடம் "பறை முழுசா இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். இருக்கிறது என்றால் அடுத்த தடவை சொட்டு மருந்தை நீங்களே விட்டுக்கொள்ளலாம்.