கழுவின சர்க்யூட் போர்டை ஏன் ஓவனில் வைக்க வேண்டும்?

மேலே துடைத்தால் காய்ந்துவிட்டது போலத்தான் தெரியும், ஆனால் கியூஎஃப்என், பிஜிஏ மாதிரி போர்டோடு ஒட்டி உட்காரும் ஐசிக்களின் அடியில் தண்ணீர் மாட்டிக்கொள்ளும், அதோடு சால்டர் நன்றாகப் பிடிக்கப் பூசும் ஃப்ளக்ஸும் கொஞ்சம் மிச்சமிருந்தால் பவர் கொடுத்ததும் கரண்ட் லீக்கேஜ், அப்புறம் துரு. அதனால் முதலில் ஏர் கன்னால் நன்றாக ஊதிவிட்டு, பிறகுதான் ஓவன்.

சால்டர் செய்வதற்கு முன்னால் பேக் செய்வது வேறு கதை. வெற்றுப் போர்டின் அடிப்பொருளான எஃப்ஆர்4 (கண்ணாடி இழையும் எபாக்ஸியும் சேர்ந்தது) காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். போர்டையே சூடாக்கி சால்டரை உருக்கும் ரீஃப்ளோவில் 240 டிகிரியைத் தொடும்போது அந்த ஈரம் ஆவியாகி அடுக்குகளைப் பிரித்துவிடும். அதைத் தடுக்கத்தான் 105 முதல் 125 டிகிரியில் சில மணி நேரம். ஓஎஸ்பி (செம்பைக் காக்கும் மெல்லிய கரிமப் படலம்) பூச்சுள்ள போர்டை மட்டும் இப்படி வாட்டாதீர்கள், அப்புறம் சால்டர் ஒழுங்காக ஒட்டாது. டேப்பில் சுற்றி ரீலோடு இருக்கும் ஐசிக்களையும் 125 டிகிரியில் வைக்கக் கூடாது, பிளாஸ்டிக் டேப் உருகிவிடும். அவற்றுக்கு 40 டிகிரியில் உலர்ந்த காற்றில் நாள்கணக்கில்தான்.

எல்லாவற்றையும் கழுவ வேண்டுமா? தண்ணீரில் கரையும் ஃப்ளக்ஸ் என்றால் கட்டாயம், அது அமிலத்தன்மை கொண்டது. நோ-கிளீன் (கழுவத் தேவையில்லாத ஃப்ளக்ஸ்) என்றால் அப்படியே விடுங்கள். ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) தொட்டு அரைகுறையாகத் தேய்த்தால் வெள்ளைப் படலம்தான் மிச்சம். பஸ்ஸர், மைக், சீல் இல்லாத ரிலே இதையெல்லாம் கழுவி முடித்த பிறகு வையுங்கள்.