பெட்டியைத் திறக்கும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் கல்லூரியில் சிறிய அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. ஒரு கண்காட்சிக்காகக் கண்ணாடிச் சட்டமிட்டவையும் இடாதவையுமாகச் சில தஞ்சாவூர் ஓவியங்கள் மரப்பெட்டிகளில் வரவுள்ளன. விலை உயர்ந்த கருவிகள் வாங்க எங்களிடம் நிதி இல்லை. நாங்களே செய்துகொள்ளக்கூடியவை எவை? (பேராசிரியை, காரைக்குடி)

பதில்: நிதி இல்லையே என்று வருந்த வேண்டாம். பெரிய அருங்காட்சியகங்களிலும் ஓவியத்தைத் தாங்கும் கட்டைகள், எடைப்பைகள், தட்டுகள் ஆகியவற்றில் பலவற்றை அங்குள்ள பணியாளர்களே செய்துகொள்கிறார்கள். ஒவ்வொரு பொருளின் அளவும் பலவீனமும் வேறாக இருப்பதால், அதற்கென்றே செய்த கருவிதான் அதற்குச் சரியாகப் பொருந்தும்.

முதலில் தாங்குகட்டைகளைச் செய்யுங்கள். ஏறத்தாழ 30 செ.மீ. நீளமும் 10 செ.மீ. உயரமும் உள்ள மரக்கட்டைகளின் மேற்பரப்பில் பாலிஎத்திலீன் ஃபோம் ஷீட்டை வைத்து, அதன்மேல் காடாத்துணியை இழுத்துப் போர்த்தி, துணியின் ஓரங்களைக் கட்டையின் பக்கவாட்டில் ஆணியடித்து நிறுத்துங்கள். காடாத்துணியில் கஞ்சி இருக்கும்; அது பூச்சிகளை ஈர்க்கும் என்பதால் இரண்டு மூன்று முறை வெந்நீரில் அலசி, நன்றாகக் காயவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். கட்டை வழுக்காதிருக்க அடியில் மெல்லிய ரப்பர் ஒட்டலாம். ஆனால் ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும் என்பதால், அது தரையைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது. ஓவியத்தை இரண்டு கட்டைகள்மேல் நிறுத்திச் சுவரில் சாய்த்து வைத்தால் தரையின் ஈரம் ஏறாது. மறுபடி தூக்கும்போது விரல்கள் அடியில் நுழைய இடமும் இருக்கும். தரையோடு ஒட்டி நிற்கும் சட்டத்தின் அடியில் விரலை நுழைக்க முயலும்போதுதான் சட்டத்தின் மூலைகள் பெரும்பாலும் உடைகின்றன.

தஞ்சாவூர் ஓவியத்தில் மரப்பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப்பசையால் மேடெழுப்பி, அதன்மேல் தங்க ரேக்கும் கற்களும் பதித்திருப்பார்கள். ஆகவே, கண்ணாடி இல்லாத ஓவியத்தின் முகப்பை எதுவும் தொடாதிருப்பதே நீங்கள் செய்ய வேண்டிய முதன்மையான காரியம். நெளிவுப் பிளாஸ்டிக் அட்டையை மடித்து நான்கு மூலைக்காப்புகள் செய்து, பதித்த கற்களைவிட இரண்டு விரற்கடை உயரமாக அவை நிற்கும்படி மாட்டிவிடுங்கள். மேலே போர்த்தும் துணி அந்த மூலைகளில் தங்கிக்கொள்ளும். பபிள் ஷீட்டை முகப்பில் நேரடியாகச் சுற்றி வந்தால் அதன் குமிழ்களின் வட்டத் தடம் வண்ணத்தில் பதிந்துவிடக்கூடும். அப்படிப் பதிந்த தடத்தை நீக்குவது மிகவும் கடினம்.

அடுத்தது எடைப்பை. மேசைமேல் வைத்த பொருள் அசையாதிருக்க இருபுறமும் அணைத்து வைக்கும், பாம்பு போன்ற நீண்ட துணிப்பை அது. உள்ளே சிறிய கண்ணாடி மணிகளை நிரப்பி, இரட்டைத் துணியில் இரட்டைத் தையல் போடுங்கள். அரிசியோ உளுந்தோ வேண்டாம், வண்டு வரும். கடற்கரை மணலும் வேண்டாம். அதில் உப்பு உண்டு.

ஒட்டுநாடாவைப் பிரிக்க மூங்கில் சீவல் ஒன்றை நுனி மழுங்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து வைத்துக்கொள்ளுங்கள். கத்தி மரப்பெட்டிக்குள் போகவே கூடாது. திரும்ப அனுப்பும்போது ஒவ்வொரு நாடாவின் நுனியையும் அரை அங்குலம் மடித்து ஒட்டினால், பிரிப்பவருக்கு அந்தச் சீவலும் தேவைப்படாது.

கேள்வி: வெள்ளைப் பருத்திக் கையுறை அணிந்தால் போதுமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: எல்லா இடத்திலும் போதாது. பருத்தி இழைகள் எழும்பிய தங்க ரேக்கிலும் மரச் சிலாம்பிலும் சிக்கிக்கொள்ளும். கண்ணாடியிலும் பீங்கானிலும் வழுக்கும். பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறையே பொதுவாக நல்லது. மோதிரம், வளையல், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, இடுப்புப்பட்டையின் கொக்கி ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிட்டு வருவது கையுறைக்குச் சமமான முக்கியத்துவம் உடையது.

கேள்வி: பெட்டிகள் வந்தவுடன் சேதம் உண்டா என்று பார்த்துக் கையெழுத்திடச் சொல்கிறார்கள். உடனே திறக்கலாமா? (அலுவலர், சென்னை)

பதில்: பெட்டியின் வெளிப்புறத்தைப் படமெடுத்து, அடி, நனைவு, உடைந்த திருகாணி ஆகியவற்றைக் குறித்து, அந்த அளவுக்கு மட்டும் கையெழுத்திடுங்கள். உள்ளிருப்பவை பின்னர் சோதிக்கப்படும் என்றும் அதிலேயே எழுதிவிடுங்கள். பெட்டி, அது திறக்கப்படவுள்ள அறையிலேயே குறைந்தது 24 மணி நேரம் மூடியபடி இருக்கட்டும்.

இதை நான் பட்டறிந்து கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன், கடலோர ஊர் ஒன்றில், குளிரூட்டிய வண்டியில் வந்த பெட்டியை அவசரத்தில் அரை மணி நேரத்துக்குள் திறந்தோம். குளிர்ந்திருந்த கண்ணாடிமேல் கூடத்தின் ஈரக்காற்று பட்டதும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பனித்தது. பிறகு துளிகளாகிச் சட்டத்தின் கீழ்விளிம்பை நோக்கி ஓடியது. சுண்ணப்பசைக்கு ஈரம் எவ்வளவு தீங்கு என்று தெரிந்திருந்த எங்களால், மெல்லிய துணியால் விளிம்பை ஒற்றியபடி நிற்க மட்டுமே முடிந்தது. அன்றே இன்னொன்றும் நடந்தது. ஓவியத்திலிருந்து உதிர்ந்த சிவப்புக் கல் ஒன்று, கசக்கிக் குப்பைக்கூடையில் போட்ட மெல்லிய தாளின் மடிப்புக்குள் இருந்தது. கூடையை வெளியே கொட்டச் சென்றவர் ஏதோ ஐயத்தில் அந்தத் தாளை விரித்துப் பார்த்ததால் கல் கிடைத்தது. அதன்பின், ஓவியத்தைப் பட்டியலோடு ஒப்பிட்டு முடிக்கும்வரை ஒரு தாளையும் கூடையில் போட நான் அனுமதித்ததில்லை. பிரிக்கும் ஒவ்வொரு அடுக்குக்கும் எண் எழுதி, படமெடுத்து, அதே வரிசையில் அடுக்கி வையுங்கள். திரும்பக் கட்டுபவருக்கு அந்தப் படங்களே வழிகாட்டி.

கேள்வி: உள்ளூர்க் கடையில் கிடைக்கும் ஃபோமும் பிளாஸ்டிக்கும் பாதுகாப்பானவையா என்று எப்படி அறிவது? (வாசகி, புதுச்சேரி)

பதில்: மெத்தைக் கடையின் பாலியுரேத்தேன் ஸ்பாஞ்சைத் தவிர்த்துவிடுங்கள். சில ஆண்டுகளில் அது மஞ்சளாகி, பிசுபிசுத்து, பொடிந்து பொருளோடு ஒட்டிக்கொள்ளும். பி.வி.சி. பிளாஸ்டிக்கைக் கண்டறிய ஓர் எளிய சோதனை உண்டு. செம்புக் கம்பியைத் தீயில் பச்சை நிறம் தெரியாமல் போகும்வரை காய்ச்சி, சூட்டோடு பிளாஸ்டிக்கில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். தீ பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் உள்ளது. பெரும்பாலும் அது பி.வி.சி.யாகவே இருக்கும். நாளடைவில் அமில ஆவி விடும் அப்பொருள் உலோகத்துக்கு அருகில் வரக்கூடாது. இந்தச் சோதனையின் புகை நஞ்சு என்பதால், திறந்தவெளியில், கடுகளவு துண்டைக் கொண்டே செய்யுங்கள்.

நீண்ட நாள் பெட்டிக்குள் இருக்கவேண்டிய பொருளென்றால், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ஆடி 1973-இல் வெளியிட்ட சோதனை முறையையே பலரும் நம்புகிறார்கள். வெள்ளி, ஈயம், செம்பு ஆகிய மூன்றின் தகடுகளையும் ஐயத்துக்குரிய பொருளோடு ஈரமான மூடிய குடுவையில் வைத்து, 60 பாகை செல்சியஸில் 28 நாள் வைத்திருந்து, தகடுகள் நிறம் மாறுகின்றனவா என்று பார்ப்பதே அம்முறை. வேதியியல் துறை உள்ள கல்லூரி எதுவும் இதைச் செய்து தர முடியும்.

கேள்வி: செப்புத் திருமேனியை இருவர் தூக்கலாமா? (வாசகர், மயிலாடுதுறை)

பதில்: சிறியதென்றால் தூக்கலாம், ஆனால் கையையோ, திருவாசியையோ (திருமேனியைச் சூழ்ந்து நிற்கும் வளைவு), ஆயுதத்தையோ பிடித்துத் தூக்கக்கூடாது. திருவாசி தனியே வார்த்துப் பீடத்தில் செருகியதாக இருக்கலாம். அப்படியானால் முதலில் அதைத் தனியே எடுத்து, தனித் தட்டில் வையுங்கள். ஒருவர் பீடத்தின் அடியைத் தாங்க, மற்றவர் உடற்பகுதியை அணைத்துப் பிடிக்க வேண்டும். வெறுங்கையின் வியர்வையில் உள்ள உப்பு செம்பை அரிக்கும் என்பதால் கையுறை கட்டாயம். தூக்குவதற்கு முன் வைக்கப்போகும் மேசையில் ஃபோம் விரித்து, எடைப்பைகளை அருகில் வைத்து, வழியிலுள்ள கதவைத் திறந்து நிறுத்திவிடுங்கள்; திருமேனியைக் கையில் ஏந்தியபடி கதவைத் தள்ளும் நிலை வரக்கூடாது.